ஏழாம் நம்பர் ரூம்

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். பெரியம்மா வீட்டு பீரோவை ஒதுங்க வைக்கும்போது ஒரு பழுப்புக் கவர் கிடைச்சது. உள்ளே ஒரு கட்டட பிளானின் ஜெராக்ஸ். அதில் ஏழாம் நம்பர் அறையைச் சுத்தி சிவப்பு மையில் ஒரு வட்டம். டீச்சர் போடுற வட்டம். அந்தக் கட்டடத்தை யாரும் கட்டவேயில்லை.

எங்க ஊர் பாளையங்கோட்டை பக்கம். பெரியம்மா கணக்கு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. கல்யாணம் பண்ணிக்கலை. எங்க பக்கத்துல இப்படி நிறைய டீச்சர்மார் உண்டு. தம்பி தங்கச்சிகளைப் படிக்கவச்சு, கட்டிக்கொடுத்துட்டு, கடைசியில பென்ஷனும் பைபிளும் ஒரு பெரிய வீடுமா தனியா இருப்பாங்க. அவங்க வளர்த்த பிள்ளைங்க (வேற யாரு, நாங்கதான்) சென்னை, பெங்களூர், துபாய்னு செட்டில் ஆயாச்சு.

2019 அறுப்பின் பண்டிகை சமயத்துல சேகரக் கமிட்டி ஒரு திட்டம் சொன்னாங்க. கோயிலுக்குத் தெக்கே சும்மா கிடக்குற நிலத்துல வயசானவங்களுக்கு 24 அறை. 'முதியோர் இல்லம்'னு மட்டும் சொல்லக்கூடாதுன்னு முதல் கூட்டத்துலயே தீர்மானம் போட்டாங்க :-) அட்வான்ஸ் 50 ஆயிரம். முதல் ரசீது பெரியம்மாவுக்குத்தான். ஏழாம் நம்பர் ஏன்னா, அதோட ஜன்னல் கோயிலைப் பாத்து இருக்கும். "விழுந்து கிடந்தாலும் மணிச்சத்தம் கேக்கும்லா" ன்னாங்க. அந்த வருஷ ஏலத்துல கட்டட நிதிக்குன்னு சொன்னதும் ஒரு பூசணிக்கா மூவாயிரத்துக்குப் போச்சு.

அப்புறம் 2020. கொரோனாவுல கோயிலே பூட்டிக் கிடந்துச்சு, காணிக்கை எங்கிருந்து வரும்? அந்த செப்டம்பர்ல வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினாங்க. ஒரு அமைப்புக்கு வந்த வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாத்திவிட முடியாதுன்னு ஆச்சு. வேறொரு டிரஸ்ட் வழியா எங்களுக்கு வரவேண்டியது அதோட நின்னுபோச்சு. 2020 நடுவுல கிலோ 45 ரூபா சுமாருக்கு இருந்த கம்பி, உக்ரைன் சண்டைக்கு அப்புறம் 2022 ஏப்ரல்ல 75-ஐத் தாண்டிச்சு. சிமென்ட்டுக்கு அப்போ 28 சதவீதம் ஜி.எஸ்.டி. (2025 செப்டம்பர்லதான் 18 ஆச்சு). ஒண்ணே முக்கால் கோடி எஸ்டிமேட் கிட்டத்தட்ட மூணு கோடியில வந்து நின்னுது.

2022 மே மாசக் கூட்டத்துக்கு பெரியம்மாவைக் கூட்டிட்டுப் போனது நான்தான். எல்லாரும் கம்பியைத் திட்டிக்கிட்டு இருந்தாங்க. பெரியம்மா மெல்ல எந்திரிச்சாங்க.

"கம்பி விலை இறங்கும் ஐயா. ராத்திரி டூட்டி ஆள் சம்பளம் இறங்குமா? ராப்பகலா ஒரு ஆள் இருக்கணும்னா மூணு ஷிப்டு. வார லீவு, காய்ச்சல் லீவு சேத்தா நாலஞ்சு பேருக்கு சம்பளம். 24 கிழடுகளுக்கு ஒரு ஆள் போதுமா? லிஃப்ட், ஜெனரேட்டர், சமையல்னு வேற இருக்கு. மாசம் ஒம்பதாயிரத்துல நடத்துவோம்னு எந்தக் கணக்குல சொன்னீங்க?"

யாரும் பேசலை. திட்டத்தைக் கைவிடலாம்னு ஓட்டுக்கு விட்டப்போ முதல்ல உயர்ந்த கை பெரியம்மாவுடையது.

எனக்கு ஆத்திரம். வர்ற வழியில, "உங்களுக்குத்தானே பெரியம்மா அது வேணும்?"னு கேட்டேன்.

"பாதியில நிக்கிற கட்டடத்துல எலிதாம்ல குடியிருக்கும்."

கமிட்டிக்காரங்க யாரும் காசு அடிக்கலை, அதைச் சொல்லிடணும். ஆனா அந்தக் கணக்கை 2019-லயே போட்டிருக்கணும். அப்பவே ரெண்டு பழைய வீட்டை வாங்கி ஆறு பேரை வச்சு ஆரம்பிச்சிருக்கலாம். கட்டடம், கல்வெட்டு, திறப்பு விழான்னே எல்லாரும் யோசிச்சோம். நானும்தான். அட்வான்ஸ் வட்டியில்லாம எட்டு மாசம் கழிச்சு வந்துச்சு. ரசீது வாங்கின பதினாறு பேர்ல மூணு பேர் அப்போ உயிரோட இல்லை.

2023-ல பெரியம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்தாங்க. சாயங்காலத்துல இருந்து மறுநாள் பால்காரம்மா வர்ற வரைக்கும் அங்கேயே கிடந்திருக்காங்க. இப்போ சென்னையில அக்கா வீட்டுல, ஆறாவது மாடி. ஊர் வீட்டை வாடகைக்கு விடத்தான் நான் போனேன்.

பிளானை போட்டோ எடுத்து அக்கா வாட்ஸப்புக்கு அனுப்பினேன். அரை மணி நேரம் கழிச்சு பெரியம்மா குரல்ல பதில் வந்துச்சு.

"அது வடக்கு ஜன்னல்ல. ஐப்பசி மழைக்குச் சாரல் அடிச்சு கட்டிலெல்லாம் நனைஞ்சிருக்கும். நான் அதைப் பாக்கவே இல்ல பாரு."