விட்டுப்போன வசனம்

பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் வீதியை ஒட்டிய தோட்டமொன்றில் எம் தந்தையார் உபதேசியாராக இருந்தார். 1854இல் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கிய காலந்தொட்டு மலைநாட்டு லயங்களில் இத்தகையோர் உண்டு. பெரிய படிப்பில்லை; கையில் 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பான வேதப்புத்தகம் ஒன்று. அதில் ஒரு புள்ளியும் பிழையாகாது என்பது அவர் நம்பிக்கை.

மேற்கணக்கில் சைவரான கங்காணியார் ஒருவர் இருந்தார். "பிதா, குமாரன், ஆவி மூவரும் ஒருவரே என்கிறீர்களே, உங்கள் புத்தகத்தில் அது எங்கே இருக்கிறது?" என்று ஒருநாள் மடக்கினார். தந்தையார் சிரித்துக்கொண்டே யோவானின் முதல் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்து, பரலோகத்தில் சாட்சி கூறும் மூவரைப் பற்றிய ஏழாம் வசனத்தைக் காட்டினார். கங்காணியார் அதன்பின் வாய் திறக்கவில்லை. சிறுவரான நாமும் அவ்வசனத்தை மனப்பாடம் செய்தோம்.

1995இல் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் வெளிவந்தது. பிரதியொன்றை வாங்கிச் சென்று, நமுனுகுல மலையை முகில் மூடிய மாரிக்கால இரவொன்றில் அதே அதிகாரத்தை வாசித்தோம்.

"தம்பி, ஒரு வரியை விட்டுவிட்டாய்" என்றார் தந்தையார்.

நாம் விடவில்லை. புத்தகத்திலேயே அது இல்லை.

காரணத்தைத் தேடிப் படித்தோம். பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அச்சொற்கள் இல்லை. இலத்தீன் வழியே நுழைந்தவை. எராஸ்முஸ் என்னும் அறிஞர் 1516, 1519ஆம் ஆண்டுப் பதிப்புகளில் அவற்றைச் சேர்க்கவில்லை. கண்டனம் எழவே 1522இல் சேர்த்தார். ஆங்கிலத் திருத்தப் பதிப்போ 1881இலேயே நீக்கிவிட்டது. ஆங்கிலம் கற்றோர் நூறாண்டுக்கு மேலாக அறிந்திருந்த செய்தி லயத்துக்கு வந்து சேரவில்லை! உபதேசியாரிடம் சொல்ல வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை போலும்.

திரித்துவக் கொள்கை அந்த ஒரு வரியை நம்பி நிற்கவில்லை என்பர் குருமார். உண்மைதான். எம் ஐயம் வேறு. ஒரு வரி மனிதர் சேர்த்ததென்றால், ஏனைய வரிகளுக்கு யார் பிணை? இக்கேள்வி இன்றும் எம்மை விட்டபாடில்லை. அதைத் தந்தையாரிடம் கேட்க அன்று துணிவு வரவில்லை. வரி நுழைந்த வரலாற்றை மட்டும் சொன்னோம்.

மூன்று இரவுகள் அவர் வேதம் வாசிக்கவில்லை. நான்காம் நாள் மாலை, சாக்கொன்றைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினார். எங்கே என்று வினவினோம்.

"கங்காணியாரிடம் சொல்ல வேண்டாமா?" என்றார்.

நாமும் பின்சென்றோம். கங்காணியார் முதுமையால் படுக்கையில் இருந்தார்; காதும் மந்தம். தந்தையார் இருமுறை உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. கிழவர் நெடுநேரம் அவர் முகத்தையே பார்த்திருந்தார். பிறகு மருமகளை அழைத்து, "உபதேசியார் நனைந்து வந்திருக்கிறார், தேத்தண்ணி ஊற்று" என்றார்.