தலைமையாசிரியரும் உபாத்தியாயர் மனமும்

ஒரு கலாசாலையின் பெருமையைக் கூறப் புகுவோர் அதன் கட்டடங்களையும், தேறிய மாணாக்கர் தொகையையும், தலைவராய் அமர்ந்தோர் பெயர்களையும் கூறுவர். அத்தலைவரின் கீழ் நாடோறும் வகுப்பிற்குச் சென்று மீண்ட ஆசிரியர்கள் எத்தகைய மனத்தோடு சென்றனர் என வினவுவார் அரியர். யான் அதனை வினவுதற்குக் காரணம் உண்டு. என் தந்தையார் ஒரு கிராமத்துப் பாடசாலையில் உபாத்தியாயர்.

அவர் இரண்டு தலைமையாசிரியர்களின் கீழ்ப் பணிபுரிந்ததைச் சிறுவயதிலிருந்து கண்டிருக்கிறேன். முன்னவர் கடுமையானவரே, மணி அடித்தபின் வரும் ஆசிரியரை வாயிலிலேயே நிறுத்தி நேரங் கேட்பார். ஆயினும் கால அட்டவணை வகுக்குமுன் ஒவ்வொருவரையும் அழைத்து, "உமக்கு எவ்வகுப்பு இசையும்?" என்று கேட்ட பின்னரே எழுதுவார். அக்காலத்தில் தந்தையார் இரவு நெடுநேரம் அட்டைகளில் படம் வரைந்துகொண்டிருப்பார். சொந்தச் செலவில் வண்ணம் வாங்குவதை அன்னையார் கண்டித்தாலும் கேளார். பின்னவரோ இன்சொல்லர், ஒருவரையும் நேரிற் கடிந்தறியார். சுற்றறிக்கை மட்டும் வரும். எவரோ கூறிய புறங்கூற்றை நம்பி விளக்கங் கேட்ட தாள் ஒன்று, ஒரு மாணாக்கன் கையிலேயே, பாடத்தின் நடுவில் தந்தையாருக்கு வந்து சேர்ந்தது. வண்ணப்பெட்டி பரண்மேல் ஏறிற்று. சம்பளம் குறையவில்லை, நடத்த வேண்டிய பாடமும் குறையவில்லை, மாலையில் வீட்டில் பள்ளியைப் பற்றிய பேச்சுத்தான் நின்றுபோயிற்று.

இவ்வேறுபாட்டைக் கடுமை, மென்மை என்னுஞ் சொற்களால் அளக்க இயலாது என்பது இங்கிலாந்திலுள்ள ரக்பி பாடசாலையின் வரலாற்றைப் படித்தபோது எனக்குத் தெளிவாயிற்று. 1828 முதல் 1842-இல் இறக்கும்வரை அங்குத் தலைமை வகித்த தாமஸ் ஆர்னால்டு மென்மையானவர் அல்லர். 1836-இல், பெயரின்றி வெளிவந்த ஒரு பத்திரிகைக் கட்டுரையை எழுதியவர் தாமோ என்று பாடசாலைக் காப்பாளருள் ஒரு பிரபு வினவியபோது, அங்ஙனம் வினவ அவருக்கு உரிமையில்லையென விடை மறுத்தவர் அவர். வெளியார்க்கு இவ்வாறு வணங்காத அவர், உள்ளே உதவியாசிரியர்களை எவ்வாறு நடத்தினார்? சிறு சம்பளம் போதாமையால் அவர்கள் திருச்சபை ஊழியத்தையும் சேர்த்துச் சுமந்துவந்தனர். அவர் சம்பளத்தை உயர்த்தச் செய்து, அவ்வூழியத்தை விட்டுப் பள்ளிக்கே தம்மை ஒப்புவிக்குமாறு வேண்டினார். மாணாக்கர் உறையும் விடுதிகளையும் அவர்கள் பொறுப்பில் வைத்தார். மூன்று வாரத்திற்கொருமுறை ஆசிரியர் அவை கூடும். அதில் எவரும் எதனையும் எடுத்துரைக்கலாம். தலைவர் கருத்தை மறுத்துப் பெரும்பான்மையோர் முடிவு செய்ததும் பலமுறை உண்டென்று அவருடைய மாணாக்கரும் சரித்திரம் எழுதியவருமான ஸ்டான்லி குறிக்கின்றார். தோற்றுப்போகத் துணியும் தலைவர் எத்தனை பேர்!

குர்ட் லெவினும் அவர் துணைவரும் 1939-இல் வெளியிட்ட ஆராய்ச்சியும் ஈண்டு நினைவுக்கு வருகிறது. அவர்கள் ஆராய்ந்தது சிறுவர் குழுக்களையே. எனினும், கட்டளையிட்டே நடத்திய தலைவர் அறையை விட்டு அகன்றதும் வேலை தளர்ந்ததென்றும், கலந்து பேசி நடத்திய குழுவில் அது தொடர்ந்ததென்றும் கண்டனர். பெரியோரும் இவ்வகையில் சிறுவரே போலும்.

நிற்க. தமிழ் பயில்வோர் கும்பகோணம் கல்லூரியை மறத்தல் கூடாது. 1880-இல் ஓய்வுபெற்ற தியாகராச செட்டியார், தம் இடத்திற்கு உரியவர் இவரே என்று வே. சாமிநாதையரைப் பரிந்துரைக்க, தலைவராயிருந்த கோபாலராவ் அச்சொல்லை மதித்து ஏற்றார். அப்பதவியில் இருந்தபடியே ஐயரவர்கள் சிந்தாமணியை 1887-இலும், பத்துப்பாட்டை 1889-இலும், சிலப்பதிகாரத்தை 1892-இலும், புறநானூற்றை 1894-இலும், மணிமேகலையை 1898-இலும் அச்சேற்றினார்கள். இவையெல்லாம் ஒரு தலைவரால் விளைந்தன என்பது மிகை. ஏடு தேடி அலைந்த கால்கள் ஐயரவர்களுடையவை. ஆயினும், விலகிச் செல்லும் ஒரு தமிழாசிரியரின் சொல்லுக்கு அவ்வறையில் மதிப்பில்லாதிருந்தால், அவ்விடம் எவர்க்குப் போயிருக்குமோ?

பட்டம் பெற்றபின் ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கக் கருதியிருக்கிறேன். விடுதித் தோழர்கள் சம்பளம் எவ்வளவு என்று கேட்கின்றனர். தந்தையார் அதனைக் கேட்கவில்லை, "உனக்கு வாய்க்கும் தலைமையாசிரியர் எப்படிப்பட்டவரோ!" என்று மட்டும் எழுதியிருக்கிறார். அக்கடிதத்திற்கு இன்னும் விடை எழுதவில்லை.