ஹோனிங் கல் திருத்துவதும் திருத்தாததும்

கோயம்புத்தூர் ஆவாரம்பாளையத்தில் லேத் பட்டறைகள் வீடுகளோடு வீடாக நிற்கின்றன. முன்கட்டில் லேத் ஓடும். பின்கட்டில் குடும்பம் இருக்கும். பம்ப், மோட்டார், கிரைண்டர் என்று இந்த ஊர் செய்து அனுப்பும் பொருள்களுக்கான ஜாப் ஒர்க் நிறைய இப்படிப்பட்ட தெருக்களில்தான் நடக்கிறது. இடையிடையே சில பட்டறைகள் புதிதாக எதையும் செய்வதில்லை. தேய்ந்த இன்ஜினை மறுபடி ஓட வைப்பதுதான் அவற்றின் தொழில். வாசலில் சிலிண்டர் பிளாக்குகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் எழுதிய அளவு.

தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கும் அப்படி ஒரு ரீபோர் பட்டறைக்கு ஒரு கேள்வியோடு போனேன். சிறு முதலீட்டில் மெக்கானிக் கடை போடுகிற இளைஞர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி அது: சிலிண்டருக்கும் பிரேக்குக்கும் ஹோன் வாங்க வேண்டும், விலை குறைவாக எதை வாங்கலாம்? சிலிண்டரின் உட்சுவரைக் கல்லால் அரைக்கும் கருவிதான் ஹோன். கருவிக் கடையில் மூன்று கால் ஹோன் சில நூறு ரூபாய்க்குத் தொங்குகிறது. ஹோனிங் மெஷினோ லட்சங்களில் இருக்கிறது. சில நூறு ரூபாய்க் கருவி எவ்வளவு தூரம் நம்மைக் கொண்டுபோகும் என்பதை, அந்த வேலையிலேயே தலை நரைத்த ஒருவரிடம் பார்த்துத் தெரிந்துகொள்ள விரும்பினேன்.

பட்டறைக்காரர் அப்போது பழைய புல்லட் 350 பிளாக் ஒன்றைப் போரிங் மெஷினில் ஏற்றியிருந்தார். 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். மெஷினைத் தொடுவதற்கு முன் டயல் கேஜை உள்ளே விட்டு மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்தில் பார்த்தார். பிறகு கேஜைக் கால் வட்டம் திருப்பி அதே மூன்று இடத்தில் மறுபடி பார்த்தார். ஆறு அளவுகளையும் சுவரில் சாக்பீஸால் எழுதினார்.

“தேய்மானம் எல்லா இடத்துலயும் ஒண்ணா இருக்காதுங்க தம்பி. மேல் ரிங் போய்த் திரும்புற இடத்துலதான் ஜாஸ்தி” என்றார்.

அதற்குக் காரணம் உண்டு. பிஸ்டன் உச்சியில் ஒரு கணம் நின்று திரும்புகிறது. நிற்கும் அந்தக் கணத்தில் ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் நிற்பதில்லை. எரியும் வாயுவின் அழுத்தமும் வெப்பமும் அங்கேதான் உச்சம். அழுத்தம் ரிங்கைப் பின்னாலிருந்து சுவரோடு தள்ளுகிறது. அதனால் சிலிண்டர் மேலே அகன்று, கீழே குறுகி, டேப்பராகத் தேய்கிறது. கனெக்டிங் ராடு சாய்ந்து தள்ளுவதால் பிஸ்டன் இரண்டு பக்கச் சுவர்களை மட்டும் அதிகம் உரசுகிறது, வட்டம் ஓவலாகிறது.

ஹோன் வாங்கப் போகிறவர் முதலில் மனதில் பதிக்க வேண்டியது இங்கேதான் இருக்கிறது. கடையில் கிடைக்கும் மூன்று கால் ஹோனில் மூன்று கல்லும் ஸ்பிரிங்கின் தள்ளுதலால் சுவரில் ஒட்டுகின்றன. சுவர் எங்கே விரிகிறதோ அங்கே கால்களும் விரியும். எங்கே குறுகுகிறதோ அங்கே ஒடுங்கும்.

“ஸ்பிரிங் வச்ச கல்லு வழி காட்டாதுங்க. போர் கோணலா இருந்தா அதும் கோணலாத்தான் போகும். மேலாப்புல பளபளப்பை எடுத்துக் குடுக்கும். அதுக்கு மேல அதுகிட்டக் கேக்கக் கூடாது.”

அவர் பட்டறையில் இருந்த விறைப்பான ஹோன் வேறு வகை. அதில் கற்கள் திருகுப் பல்லால் அளவாக விரிக்கப்பட்டு, விரித்த இடத்தில் நிற்கும். குறுகலான பகுதியை அது முதலில் அரைக்கும். அகன்ற பகுதியைத் தொடாது. எனவே சிறு டேப்பரையும் ஓவலையும் அதனால் நேராக்க முடியும். விலை பல மடங்கு. புல்லட் பிளாக்கை அவர் ஓவர்சைஸ் பிஸ்டனுக்காகப் போர் செய்தபோது கடைசி அளவுக்கு ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர் மிச்சம் வைத்தார். கட்டிங் டூல் விட்டுப்போன வரிகளை அந்த மிச்சத்தில்தான் இந்த விறைப்பான ஹோன் எடுத்தது. பிஸ்டனைக் கையில் வைத்து அளந்து, அதற்கு வேண்டிய இடைவெளி வரும்வரை அரைத்தார். பிஸ்டன் வராமல் எந்தப் பிளாக்கையும் அவர் போர் செய்வதில்லை.

அப்படியானால் விலை குறைந்த ஹோன் எதற்கு? சிலிண்டர் வட்டமாகவும் நேராகவும் இருந்து, ரிங் மட்டும் மாற்ற வேண்டியிருக்கும்போது. பல காலம் ஓடிய சுவர் கண்ணாடி மாதிரி வழவழத்துப் போயிருக்கும். அதில் புது ரிங் செட் ஆகாது, எண்ணெயும் நிற்காது. புகை தொடரும். அந்தப் பளபளப்பைக் கிளறி, குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் போட்டுவிட்டால், கோடுகளின் பள்ளத்தில் எண்ணெய் தங்கும். மேடுகளில் புது ரிங் தேய்ந்து தன் இடத்தைப் பிடிக்கும். இந்த வேலையை மூன்று கால் ஹோன் நன்றாகவே செய்கிறது.

சிலிண்டர் நேராக இருக்கிறதா என்று பார்க்க டயல் போர் கேஜ் வேண்டும். அது ஹோனைவிட விலை அதிகம். கேஜ் இல்லாத கடைக்காரர் என்ன செய்வது என்று கேட்டேன். பட்டறைக்காரர் ஒரு பழைய ரிங்கை எடுத்துச் சிலிண்டருக்குள் போட்டார். பிஸ்டனின் தலையால் அதை நேராகத் தள்ளி, ரிங்கின் வாய் இடைவெளியை மேலே ஒருமுறை, அடியில் ஒருமுறை ஃபீலர் கேஜால் பார்த்தார். மேலே கிடைத்த இடைவெளியிலிருந்து அடியில் கிடைத்ததைக் கழித்து மூன்றால் வகுத்தால் டேப்பர் தெரிந்துவிடும். வட்டத்தின் சுற்றளவு விட்டத்தைப் போல மூன்று மடங்குக்குச் சற்று மேல் என்ற பள்ளிக்கூடக் கணக்குதான். வித்தியாசம் 0.3 மில்லிமீட்டர் என்றால் விட்டம் சுமார் 0.1 மில்லிமீட்டர் மாறியிருக்கிறது. இருசக்கர வண்டிக்கு அது ரீபோர் கேட்கும் அளவு. ஓவலை இந்த வழியில் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ஹோன் போடலாமா, பட்டறைக்கு அனுப்பலாமா என்று முடிவெடுக்க ஒரு ஃபீலர் கேஜ் பெரும் துணை.

அடுத்து அளவு. மூன்று கால் ஹோன் வாங்கும்போது பெட்டியில் உள்ள வீச்சைப் படிக்க வேண்டும். கார், வேன் இன்ஜின்களுக்கென்று பரவலாக விற்பது 51 முதல் 178 மில்லிமீட்டர் வரை விரிவது. ஆர்எக்ஸ் 100 சிலிண்டர் 50 மில்லிமீட்டர். ஸ்பிளெண்டரும் 50. அந்த ஹோன் இவற்றுக்குள் நுழையாது. இருசக்கர வண்டிக்காரருக்கு 32 முதல் 88 மில்லிமீட்டர் வரை போகும் நடுத்தர அளவுதான் சரி. புல்லட்டின் 70-ம், விவசாய டீசல் இன்ஜின் பலவற்றின் 80-ம் அதிலேயே அடங்கிவிடும்.

ஆர்எக்ஸ் போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. சுவரிலேயே போர்ட் துளைகள் இருக்கின்றன. நீளக் கல்லின் முனை துளையின் விளிம்பில் மாட்டினால் கல் உடையும், விளிம்பும் சிதறும். அங்கே உருண்டை ஹோன் நல்லது. நைலான் இழைகளின் நுனியில் அரைக்கும் உருண்டைகள் ஒட்டிய பிரஷ் அது. துளையின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். விளிம்பையும் மெல்ல மழுக்கிவிடும். ஆனால் ஓர் உருண்டை ஹோன் ஓர் அளவுக்குத்தான் ஆகும். எல்லா அளவிலும் வாங்கிக் குவிக்க முடியாது. கடைக்கு எந்த வண்டி அதிகம் வருகிறதோ அதற்கு ஒன்று வாங்கினால் போதும்.

கல்லின் நயத்தில் 180 நம்பர் கரடு, 220 முதல் 280 வரை பொதுவான ரிங் வேலைக்குப் பொருந்தும். வாங்கும்போது கடைக்காரரிடம் அவசியம் கேட்க வேண்டியது, மாற்றுக் கல் தனியாகக் கிடைக்குமா என்பது. கிடைக்காத ஹோன் எவ்வளவு மலிவானாலும் ஒருமுறை தேய்ந்தால் குப்பைக்குத்தான். கல்லை மாற்றும்போது மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கால்களின் ஆணிகளில் ஆட்டம் இருக்கிறதா, தண்டைச் சுழற்றினால் நேராகச் சுற்றுகிறதா, ஸ்பிரிங்கை இறுக்கும் நட்டு வேலை செய்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடலாம்.

உட்சுவரில் நிகாசில் பூச்சு உள்ள சிலிண்டர்களில் இந்தக் கல்லை வைக்கவே கூடாது. பூச்சு மிகக் கடினம், ஆனால் மிக மெல்லியது. வார்ப்பிரும்பு போர் அல்லது வார்ப்பிரும்பு லைனர் என்று உறுதியான பிறகுதான் கல்.

பட்டறையில் வேலை பார்க்கும் இளைஞர் ஒரு ஸ்பிளெண்டர் பிளாக்கை வைஸில் மென்மையாகப் பிடித்து, டிரில் மெஷினில் மூன்று கால் ஹோனை மாட்டினார். மண்ணெண்ணெயில் கொஞ்சம் இன்ஜின் ஆயில் கலந்து சுவரில் தாராளமாக ஊற்றினார். டிரில் மெதுவாகச் சுற்ற, அவருடைய கை வேகமாக மேலும் கீழும் போனது. கோடுகள் ஒன்றையொன்று 45 டிகிரி அளவில் வெட்ட வேண்டும். கோணம் ரொம்பப் படுத்தால் ரிங் கோடுகளில் தட்டித் தட்டி ஓடும்; ரொம்ப நிமிர்ந்தால் எண்ணெய் நிற்காமல் வழியும்.

இதை நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 50 மில்லிமீட்டர் சிலிண்டரில் ஹோன் நிமிடத்துக்கு 300 சுற்றுச் சுற்றினால் கல்லின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 47 மீட்டர். 45 டிகிரி கோடு வர வேண்டுமென்றால் கை நிமிடத்துக்குச் சுமார் 20 மீட்டர் நகர வேண்டும். கல் போய்வரும் தூரம் 10 சென்டிமீட்டர் என்றால் வினாடிக்கு ஒன்றரைத் தடவைக்குச் சற்று மேல் ஏறி இறங்க வேண்டும். பழகிய கைக்கு முடியும். டிரில் 1000 சுற்றுக்குப் போனால் கை வினாடிக்கு ஐந்து தடவைக்கு மேல் ஏறி இறங்க வேண்டும். யாராலும் முடியாது. 2500 சுற்றுக்கு மேல் ஓடும் சின்ன டிரில்லை முழு வேகத்தில் விட்டால் சுவரில் வளையம் வளையமாகக் கோடுதான் விழும். எனவே ஹோனை மலிவாக வாங்கலாம். அதைச் சுற்றும் டிரில் மட்டும் வேகத்தைக் குறைத்து ஓட்டக்கூடியதாக, குறைந்த வேகத்திலும் திணறாததாக இருக்க வேண்டும். அந்த இளைஞருக்கு இந்தக் கணக்கு தேவைப்படவில்லை. கோட்டைப் பார்த்தே அடுத்த வீச்சின் வேகத்தை மாற்றிக்கொண்டார். சுற்றும்போது கல் வெளியே துள்ளிவிடாமல் இரு முனையிலும் கையை அளவாக நிறுத்தினார். துள்ளினால் கல் சிதறிக் கண்ணில் படும். கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் இந்த வேலையைத் தொடக் கூடாது.

ஹோன் முடிந்ததும் பெட்ரோலில் கழுவித் துடைத்து மாட்டிவிடுவது பல கடைகளில் வழக்கம். இந்தப் பட்டறையில் சோப்புத்தூள் கலந்த சுடுதண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்க்கிறார்கள். கல் உதிர்த்த பொடி கோடுகளுக்குள் அடைந்துகொள்ளும். பெட்ரோலோ டீசலோ எண்ணெயைக் கரைக்குமே தவிர அந்தப் பொடியை முழுதாக வெளியே கொண்டுவராது. கழுவிய கையோடு எண்ணெய் தொட்ட வெள்ளைப் பனியன் வேஸ்ட்டால் துடைக்கிறார்கள். துணியில் சாம்பல் நிறம் வந்தால் மறுபடி கழுவல். துணி வெள்ளையாகவே வரும்வரை விடுவதில்லை. நல்ல ஹோனிங்கைக் கெடுப்பதில் மிச்சப் பொடியைப் போல வேறெதுவும் இல்லை. அது புது ரிங்கைச் சில நாளில் தின்றுவிடும்.

பிரேக் வேலைக்கு வரும்போது எச்சரிக்கை இன்னும் கூடுகிறது. பெரிய லாரிகளில் காற்று பிரேக். அங்கே இந்த வேலை இல்லை. ஆட்டோ, வேன், கார் ஆகியவற்றின் டிரம் பிரேக்கில் வீல் சிலிண்டர் உண்டு. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. ஈரம் உள்ளே சேர்ந்து சுவரில் துரு பிடிக்கிறது. ரப்பர் கப் அதில் உரசிக் கிழிந்து கசிகிறது. 19 முதல் 64 மில்லிமீட்டர் வரை விரியும் சின்ன ஹோன் இதற்கென்று கிடைக்கிறது; சில நூறு ரூபாய்தான். வார்ப்பிரும்பு சிலிண்டரில் மேலோட்டமான துருவை அது எடுத்துவிடும். துரு குழி விழுந்திருந்தால் அரைத்து அரைத்துக் குழியை எடுக்கப் பார்க்கக் கூடாது. சிலிண்டரை மாற்றிவிட வேண்டும். அலுமினிய சிலிண்டரில் அனோடைஸ் செய்த மேல்தோல் இருக்கும். கல் அதை உரித்துவிடும். பிறகு தேய்மானமும் அரிப்பும் வேகமாகும். அங்கே ஹோன் வேண்டாம்.

பிரேக் ஹோனில் மண்ணெண்ணெயோ இன்ஜின் ஆயிலோ ஒரு சொட்டும் படக் கூடாது. பிரேக்கின் ரப்பர் மினரல் ஆயில் பட்டால் உப்பிவிடும். ஹோன் போடும்போது நனைக்கவும் கழுவவும் புதிய பிரேக் ஆயிலே போதும். ஆகவே இன்ஜினுக்கு ஒரு ஹோன், பிரேக்குக்கு ஒரு ஹோன் என்று தனித்தனியாக வாங்கி, தனித்தனிப் பெட்டியில் வைக்க வேண்டும். இரண்டுக்கும் ஒன்றே போதும் என்று மிச்சம் பிடிப்பது வண்டியில் போகிறவரின் உயிரோடு விளையாடுவது.

இப்போது பல வண்டிகளுக்குப் பிளாக், பிஸ்டன், ரிங் எல்லாம் ஒரே கிட்டாகக் கிடைக்கிறது. பழையதைக் கழற்றி எறிந்து புதியதை மாட்டுவது எளிது. ஆனாலும் கிட் கிடைக்காத பழைய வண்டிகள், விவசாயியின் டீசல் இன்ஜின், கிட் வாங்கப் பணமில்லாத வண்டிக்காரர் என்று இந்தப் பட்டறைக்கு வேலை வந்துகொண்டே இருக்கிறது. ஒரு வார்ப்பிரும்பு பிளாக் 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் என்று நான்கு ஓவர்சைஸ் வரை உழைக்கக்கூடியது. முதல் தேய்மானத்திலேயே அதைக் காயலான் கடைக்கு அனுப்புவது இரும்புக்கும் வீண், உழைப்புக்கும் வீண். இந்தத் தொழில் நிலைக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். நிலைக்க வேண்டுமானால் சிறிய கடைகளும் தங்கள் பங்கு வேலையைச் சரியாகச் செய்ய வேண்டும்.

எனவே புதிதாகக் கடை போடும் தம்பிகளுக்கு என் பதில் இது. முதல் காசில் நல்ல ஃபீலர் கேஜ் வாங்குங்கள். அடுத்து வேகம் குறைத்து ஓட்டக்கூடிய டிரில். அதன் பிறகு, உங்கள் கடைக்கு வரும் வண்டிகளின் அளவுக்கு ஏற்ற, மாற்றுக் கல் கிடைக்கக்கூடிய மூன்று கால் ஹோன் ஒன்று. பிரேக்குக்குத் தனியாக ஒன்று. டூ ஸ்ட்ரோக் அதிகம் வந்தால் ஓர் உருண்டை ஹோன். டயல் போர் கேஜுக்குப் பணம் சேர்த்துக்கொண்டே இருங்கள். சிலிண்டர் கோணிப்போயிருக்கிறது என்று ரிங் காட்டிவிட்டால், ஹோனைக் கீழே வைத்துவிட்டுப் பிளாக்கை ரீபோர் பட்டறைக்கு எடுத்துப் போங்கள். அந்த வேலைக்கான கூலியை வாடிக்கையாளரிடம் தயங்காமல் சொல்லுங்கள். காரணத்தை எடுத்துச் சொன்னால் பெரும்பாலோர் ஒப்புக்கொள்வார்கள்.