தராசு காட்டாத நோய்

இளைத்தால் கவலை, இல்லையென்றால் நிம்மதி. நம் வீடுகளில் அதுதான் கணக்கு. என் சித்தி மகளின் எடை மாறவே இல்லை. அதனால், சாப்பிட்டதும் அவள் ரகசியமாக வாந்தியெடுப்பது யாருக்கும் தெரியவில்லை.

கண்டுபிடித்தவர் பல் மருத்துவர். மேல்வரிசை முன்பற்களின் உட்புறத்தை வயிற்று அமிலம் அரித்திருந்தது. புலிமியா என்ற உண்ணுதல் கோளாறின் அடையாளம் அது.

அடுத்து கிளினிக். “சாப்பாட்டில் கட்டுப்பாடு போய்விடுகிறதா? எந்நேரமும் உணவு நினைப்புதானா?” என்று டாக்டர் மெதுவாகக் கேட்டார். 1999இல் லண்டன் மருத்துவர்கள் வெளியிட்ட ‘ஸ்காஃப்’ கேள்விகள் ஐந்தில் இவை இரண்டு. இரண்டுக்கு ‘ஆம்’ என்றாலே மேலும் பரிசோதிக்க வேண்டுமாம். ரத்தத்தில் பொட்டாசியமும் பார்த்தார். அது குறைந்தால் இதயத்துடிப்பே தடுமாறும்.

இப்போது சாப்பாடு முடிந்ததும் யாராவது அவளுடன் உட்கார்ந்து கதை பேசுகிறோம். அதுவும் சிகிச்சைதான். எடையைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை.