இரு காவலர்

திண்டிவனத்தில் எமது இல்லத்தே பழைய மடிக்கணினி ஒன்றுண்டு. தமிழ்நாட்டு அரசினர் 2011-ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எம் தமையனார் பெற்றது அது. விழுப்புரத்து நண்பரொருவர் சொற்கேட்டு, உளவு மென்பொருளைத் தடுக்கும் காவல் மென்பொருள்கள் இரண்டினை அதில் ஏற்றினோம். அன்றுமுதல் கட்டுரை எழுதப் புகுந்தால், ஓரெழுத்துத் தோன்றுமுன் காப்பி ஆறிவிடும்!

காரணம் பின்னரே விளங்கிற்று. கோப்பொன்றைத் திறக்குந்தோறும் இருவரும் அதனைத் தனித்தனியே ஆராய்வர். சுழலும் வன்தட்டோ அங்குமிங்கும் அலைந்தே படிக்க வல்லது, நினைவகமும் சிறிது. விண்டோசுடன் வரும் டிஃபெண்டர், பிறர் வந்தால் தானே ஒதுங்கும் பண்புடையது. இவ்விருவரோ ஒருவர்க்கொருவர் வழிவிடார்.

இருவரையும் நீக்குக என்றார் தமையனார். அன்னையார் வங்கிக் கணக்கினை அதிலேயே பார்ப்பதால் யாம் உடன்பட்டிலேம். ஒருவரை மட்டும் நீக்கி, மற்றவரது முழுச்சோதனையை இரவுக்கு மாற்றினோம். இப்போதும் காப்பி பாதி ஆறத்தான் செய்கிறது.