ஒரே வீடு, மூணு மாவட்டம்!

அக்கா பிறந்தது 1994, திருச்சி மாவட்டம். நான் 2001, அரியலூர். தம்பி 2003, பெரம்பலூர். 'அப்பாவுக்கு அடிக்கடி டிரான்ஸ்ஃபரா?'ன்னு கேட்காதீங்க. அவர் விவசாயி. செந்துறை பக்கத்துல எங்க வீடு இருந்த இடத்துலயேதான் இருக்கு. மாவட்டம்தான் மாறிச்சு! 1995-ல் பெரம்பலூர், 2001-ல் அரியலூர், 2002-ல் மறுபடி பெரம்பலூர், 2007-ல் மறுபடி அரியலூர். 2011 கணக்கெடுப்புல ரெண்டையும் சேர்த்தாலே சுமார் 13 லட்சம் பேர்தான்.

தம்பி காலேஜ் சேரப் போனப்போ, "பிறப்புச் சான்றுல பெரம்பலூர், சாதிச் சான்றுல அரியலூர். எது நிஜம்?"னு திருப்பி அனுப்பிட்டாங்க. முந்திரி சீசன்ல ரெண்டு நாள் பொழப்பை விட்டுட்டு அப்பா ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சார். நான் கொதிச்சுட்டேன். அவர் சிரிச்சார்.

"முன்னாடி கலெக்டர்கிட்ட மனு கொடுக்கத் திருச்சி போகணும்மா. இப்ப மத்தியானமே காட்டுக்குத் திரும்பிடறேன்ல?"