பாய் சொல்லும் பதில்

வாள் பழக ஆசைப்படுகிறவனுக்கு எதிரி வேண்டியதில்லை. ஒரு பழைய பாய் போதும். அதை இறுக்கிச் சுருட்டி, கயிற்றால் கட்டி, தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் எடுத்து நீர் வடிந்ததும் ஒரு கட்டையின் மேல் நிமிர்த்தி வைத்து, ஒரே வீச்சில் வெட்ட வேண்டும். ஜப்பானியர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் தமேஷிகிரி. 'சோதித்து வெட்டுதல்' என்று பொருள்.

மும்பையின் கிழக்கு ஓரத்தில், டிராம்பேயை ஒட்டிய சீத்தா கேம்ப்பில் ஓர் இளைஞனுக்கு இந்த ஆசை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வராது என்று சொல்வதற்கில்லை. அவனுடைய தாத்தா தலைமுறைக்கு வாள் என்றால் எம்.ஜி.ஆரும் நம்பியாரும்தான். மேஜை மேல் தாவுவதும் மாடிப்படியில் மோதுவதுமாக இருந்த அந்தச் சண்டைகளில் சத்தம் உண்டு, வெட்டு கிடையாது. பேரன் செல்போனில் பார்ப்பது வேறு காட்சி. வெள்ளை உடை போட்ட ஒருவர் அமைதியாக நிற்கிறார். வாள் இறங்குகிறது. பாய்ச் சுருள் சரிவாக அறுந்து, மேல் துண்டு ஒரு கணம் தயங்கிவிட்டு நழுவி விழுகிறது. எதிரியும் இல்லை, வசனமும் இல்லை. 'இவ்வளவுதானா, நாமே பழகிவிடலாமே' என்று தோன்றுவது இயல்பு. பாய் இருக்கிறது, காட்சியும் கையில் இருக்கிறது. இல்லாதது வாளும் ஆசானும் மட்டும்தான். வாளை வாங்கிவிடலாம் என்று அவன் நினைக்கிறான். ஆசான் வேண்டுமா என்பதுதான் கேள்வி.

வெட்டுவது எப்படி நடக்கிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும். ஜப்பானில் வெட்டுவதற்கு எடுப்பது தத்தாமித் தரையின் மேல் விரிப்பு. கோரையைப் போன்ற ஒரு புல்லில் நெய்தது. நம் பத்தமடைப் பாயைத் தண்ணீரில் ஊறிய கோரையில் நெய்கிறார்கள். அங்கே நெய்து, மிதிபட்டுப் பழசான பாயை ஊற வைக்கிறார்கள். ஊறிய சுருள் வாளுக்குச் சதைபோல எதிர்ப்புக் காட்டும் என்பது கணக்கு. நடுவில் பச்சை மூங்கிலைச் செருகினால் அது எலும்பு.

முதலில் பழகும் வெட்டு சரிவு வெட்டு. தோளில் தொடங்கி எதிர்ப்புற இடுப்பை நோக்கி இறங்குவது. அதன் பெயர் கேசாகிரி. 'கேசா' என்பது புத்த துறவி ஒரு தோளை மூடிப் போர்த்தும் துணி. நாம் காஷாயம் என்று சொல்லும் அதே வடசொல்தான் சீனம் வழியாக ஜப்பானுக்குப் போய் கேசா ஆனது. துறவியின் உடை மடிப்பு போகும் பாதைதான் வாள் போகும் பாதை.

இதில் பலத்துக்கு வேலை குறைவு. வாளின் விளிம்பு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தத் திசையிலேயே வாள் பயணம் செய்ய வேண்டும். இதை ஹசுஜி என்கிறார்கள். விளிம்பு ஒரு பக்கமும் வீச்சு ஒரு பக்கமும் போனால், நல்ல வாள்கூடப் பாதியில் சிக்கும், வளைந்தும் போகும். தென்னை ஓலை கழிப்பவருக்கும் இளநீர்க் கடைக்காரருக்கும் இது பாடம் படிக்காமலே தெரியும். இளநீர் வெட்டும் கை ஓங்குவதே இல்லை. அரிவாள் தன் எடையில் விழுகிறது, கை அதற்குத் திசை மட்டும் காட்டுகிறது.

அறுந்த பாயின் முகத்தைப் பார்த்தால் வெட்டியவனின் குறை தெரியும். முகம் சமமாக இருந்தால் விளிம்பு நேராகப் போயிருக்கிறது. கரண்டியால் தோண்டியதுபோல் குழிந்திருந்தால் நடுவழியில் மணிக்கட்டு திரும்பியிருக்கிறது. அடிக்கட்டையோடு சாய்ந்தால் வெட்டவில்லை, தள்ளியிருக்கிறான். பாய்க்குத் தாட்சண்யம் கிடையாது. 'நன்றாக இருக்கிறது தம்பி' என்று பொய் சொல்லாது.

தனியாகப் பழகுகிறவன் இந்த நேர்மையில்தான் ஏமாந்து போகிறான். பாய் சரியான விடையைச் சொல்கிறது, ஆகவே பாயே ஆசான் என்று நினைக்கிறான். பாய் சொல்வது விளைவை மட்டுமே. காரணம் தோளிலா, பிடியிலா, காலிலா என்று அது சொல்வதில்லை. பத்து தடவை தவறாக வெட்டியவன் பதினோராவது தடவை இன்னும் ஓங்கி வெட்டுவான். ஒரு தடவை தற்செயலாகச் சரியாக விழுந்துவிட்டால் அதையே வித்தை என்று பிடித்துக்கொள்வான். எல்லாவற்றுக்கும் மேலாக, 'இன்றைக்குப் போதும், வாளைக் கீழே வை' என்று சொல்லப் பாய்க்கு வாய் இல்லை.

அந்தச் சொல் எவ்வளவு அவசியம் என்பது வாளின் அமைப்பிலேயே இருக்கிறது. ஜப்பானிய வாளின் இரும்பு கைப்பிடிக்குள்ளும் நீண்டு போகிறது. அதைக் கைப்பிடியோடு சேர்த்துப் பிடித்திருப்பது மெகுகி என்ற மூங்கில் ஆணி. சுண்டுவிரல் நீளம்கூட வராது. அது நைந்திருந்தால் வீச்சின் நடுவில் இரும்பு கழன்று பறக்கும். பழகியவர்கள் வாளை எடுத்ததும் முதலில் தொட்டுப் பார்ப்பது இதைத்தான். சுவரில் மாட்டுவதற்காகச் செய்த அலங்கார வாள்களின் கதை இன்னும் மோசம். துருப்பிடிக்காத எஃகில் பளபளக்கும். கைப்பிடிக்குள் போவதோ பெரும்பாலும் பற்ற வைத்த ஒரு மெல்லிய கம்பி. பார்க்கச் செய்ததை வீசிப் பார்த்தால் அது ஒடியும் இடம் அந்தப் பற்றுதான்.

கால் இன்னொரு சிக்கல். வலமிருந்து இடமாக இறங்கும் வெட்டில் இடது கால் பின்னால் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாயைத் தாண்டிய வாள் அடுத்துச் சந்திப்பது சொந்த முழங்காலை. வெட்டி முடித்து உறையில் போடும்போதும் ஆபத்து தீர்வதில்லை. உறையின் வாயைப் பிடித்திருக்கும் இடது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில்தான் விளிம்பு நுழைகிறது. ஆசான் இல்லாமல் வில் பழகிய ஏகலைவனிடம் துரோணர் கட்டைவிரலைக் கேட்டு வாங்கினார். வாளில் யாரும் கேட்க வேண்டியதில்லை, அதுவே எடுத்துக்கொள்ளும்.

இது அவனுடைய விரல், அவனுடைய முழங்கால் என்று விட்டுவிட முடியாதபடி செய்வது அவன் வசிக்கும் இடம். சீத்தா கேம்ப்பில் இடம் என்பது இடிபட்டுப் பெற்ற பொருள். 1976 மே மாதம், நெருக்கடி நிலைக் காலத்தில், பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஜனதா காலனி தரைமட்டமாக்கப்பட்டது. கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஜோக்கின் அற்புதம் தலைமையில் ஆண்டுக்கணக்கில் எதிர்த்து நின்ற மக்கள், கழிமுகத்தை ஒட்டிய சதுப்பு நிலத்தில் கொண்டுவந்து விடப்பட்டார்கள். அதுதான் சீத்தா கேம்ப். அற்புதத்துக்கு 2000-இல் மகசேசே விருது கிடைத்தது. 2018-இல் அவர் காலமானார். சேற்றை நிரப்பி மக்கள் கட்டிக்கொண்ட வீடுகள் இன்று ஒன்றின்மேல் ஒன்றாக உயர்ந்து நிற்கின்றன.

பத்துக்குப் பதினைந்து அடி அறை ஒன்றை மனதில் அளந்து பாருங்கள். வாளின் இரும்பு சுமார் 70 செ.மீ., கைப்பிடி 25 செ.மீ. இரண்டும் சேர்ந்து மூன்றடிக்கு மேல். கையை நீட்டினால் உடலிலிருந்து ஐந்தடி தாண்டி வாள்முனை நிற்கும். அறையின் நடுவில் நின்று சுற்றினால் இருபுறச் சுவரும் உரசும். ஓங்கினால் பரண் தட்டும். சந்துக்கு வந்தால் குழாயடிக் குடங்கள், டியூஷன் போகும் பிள்ளைகள், கதவோரம் உட்கார்ந்து கீரை ஆயும் ஆச்சி. மூங்கில் ஆணி ஒன்று நைந்தால் அந்தச் சந்தில் யாருக்கும் ஒதுங்க இடமில்லை.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், 9 அங்குலத்தைவிட நீளமான அல்லது 2 அங்குலத்தைவிட அகலமான இரும்புள்ள வாள், கத்தி வகைகளை ஆயுதமாகக் கணக்கிடுகின்றன. அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில் இவற்றை வைத்திருக்க உரிமம் வேண்டும். சமையலுக்கும் விவசாயத்துக்கும் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. ஆகவே அம்மாவின் அரிவாள்மணைக்குப் பயமில்லை. மகனின் வாளுக்கு உண்டு. 1951-ஆம் ஆண்டு போலீஸ் சட்டத்தின் 37-ஆவது பிரிவின்படி, பொது இடங்களில் வாளும் தடியும் எடுத்துப் போக மும்பை போலீஸ் தடை போடவும் முடியும்.

இந்தக் கண்டிப்புக்கு இந்த நகரத்தில் காரணம் உண்டு. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் நடந்த கலவரங்களில் 900 பேர் இறந்ததாக நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் 1998-இல் அறிக்கை தந்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 356 பேர். கத்திக்குத்தில் 347 பேர். தமிழ் முஸ்லிமும் தமிழ் இந்துவும் சுவரோடு சுவராக வாழும் இடத்தில், ஓர் இளைஞன் வாளோடு சந்தில் நடந்தால் அவன் ஜப்பானியக் கலை பழகுகிறான் என்று யாருக்கும் தோன்றாது. பக்கத்து வீட்டுக் கதவு சாத்தப்படும். அந்தக் கதவை மறுபடி திறக்க வைப்பது பாயை வெட்டுவதைவிடக் கஷ்டம்.

ஜப்பானின் வாளுக்கும் இப்படியொரு பழைய கணக்கு இருக்கிறது. எடோ காலத்தில் சோதிக்கப்பட்டது மனிதன் அல்ல, வாள். யமதா அசாஎமோன் என்ற பெயரைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கிய குடும்பத்தார், மரண தண்டனை பெற்றவர்களின் உடல்களை வெட்டி வாளுக்குச் சான்று தந்தார்கள். எத்தனை உடல்களை வெட்டியது என்று வாளின் காம்பில் பொன்னெழுத்தில் பொறிப்பதும் உண்டு. 1876-இல் பொது இடத்தில் வாள் அணிவதைப் புதிய அரசு தடை செய்தது. 1925-இல் தொயாமா ராணுவப் பள்ளி, அதிகாரிகளுக்காக வாள் பயிற்சியைச் சுருக்கி வகுத்தது. அந்தப் பள்ளியின் வழியில் வந்த நகமுரா தைசபுரோ, போருக்குப் பிறகு வெட்டுதலை மனதைப் பண்படுத்தும் பயிற்சியாகக் கற்றுத் தந்தார், 2003-இல் மறைந்தார். இன்று அங்கே சோதிக்கப்படுவது வாளைப் பிடித்திருக்கும் ஆள்தான். 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு உண்மையான வாளும் கலைப்பொருளாகப் பதிவு பெற வேண்டும்.

அங்கேயும் முதல் நாளில் கூர்வாள் தருவதில்லை. முதலில் மர வாள். வீச்சும் நடையும் நிறுத்தமும் அதில்தான். பிறகு இயாய்தோ என்னும் மழுங்கல் வாள். கூர் ஏறாத உலோகக் கலவையில் வார்த்தது. அதன் பள்ளத்தில் காற்று நுழைந்து எழுப்பும் ஒலியே ஒரு சோதனை. விளிம்பு நேராகப் போனால் தெளிவாகச் சீறும், கோணினால் சத்தம் மங்கும். பாயே இல்லாமல் காது சொல்லிவிடும். கூர்வாள் வருவது அதற்கெல்லாம் பிறகு.

இந்த வரிசை தமிழனுக்குப் புதிது இல்லை. சிலம்பத்தில் காலடி தெரியாதவன் கையில் கம்பு நிற்காது. கம்பு நிற்காதவனுக்குச் சுருள்வாள் கிடைக்காது. களரியிலும் உடல் முதல், மரம் அடுத்தது, இரும்பு அதன் பிறகு. கம்பு தப்பினால் கணுக்காலில் விழும், வீங்கும், நாலு நாளில் வற்றும். அந்த வீக்கத்தில் பாடம் இருக்கிறது. வாள் தப்பினால் பாடம் படிக்க ஆள் மிஞ்ச வேண்டும். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. கம்பு சுற்றுவது ஊர்த் திருவிழாவோடு போச்சு என்று நினைத்தவர்களுக்கு அது நல்ல செய்தி.

சீத்தா கேம்ப் இளைஞன் வாங்க வேண்டியது வாள் இல்லை. நெற்றி உயரத்துக்கு ஒரு கம்பும், 'காலை மாற்றி வைடா' என்று அதட்ட ஓர் ஆசானும் அவனுக்குப் போதும். சரிவு வெட்டின் முக்கால் பங்கு வேலை காலிலும் இடுப்பிலும் தோளைத் தளர்த்துவதிலும் இருக்கிறது. அதற்குக் கூர் தேவையில்லை. ஓங்கிய கம்பைத் தரையில் மோதாமல், நினைத்த இடத்தில் அசையாமல் நிறுத்தப் பழகவே மாதங்கள் ஆகும். அதற்குப் பிறகும் ஆசை தீரவில்லை என்றால், முறையாகக் கற்றுத் தருபவரிடம், திறந்த இடத்தில், சட்டம் அனுமதிக்கும் கருவியோடு அவன் போய் நிற்கலாம். அதுவரை வீட்டில் இருக்கும் பாய், இரவில் விரித்துப் படுக்கவே இருக்கட்டும்.